கிண்டி கிடைக்குமா? கணக்குப் போடுவோம்!

அரையாண்டு மார்க் வந்ததும் அப்பா கேட்டார், “கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் கிடைக்குமாடா?” முழிச்சேன். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நீங்களும் போடுங்க!

2007 முதல் நுழைவுத்தேர்வு கிடையாது. பிளஸ் டூ மார்க்தான். கணிதம் அப்படியே. இயற்பியல், வேதியியல் பாதி பாதி. மொத்தம் 200. இதுதான் கட்-ஆஃப்.

நான்: 84 + 39 + 41 = 164.

கணிதத்தில் 1 மார்க், இயற்பியலில் 2 மார்க்குக்குச் சமம்! கட்-ஆஃப் ஒண்ணா இருந்தாலும் முதலில் கணித மார்க்கைத்தான் பார்ப்பாங்க.

போன வருஷம் உங்க பிரிவுக்கு எத்தனையில் சீட் முடிஞ்சதுன்னு பாருங்க. அது வருஷா வருஷம் மாறும்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படிச்சவங்களுக்கு 2021 முதல் 7.5% ஒதுக்கீடு உண்டு. நமக்கும்தான்!

அப்பாகிட்ட உண்மையைச் சொன்னேன்: “இந்த மார்க்குக்குக் கஷ்டம்ப்பா. ஆனா பொதுத்தேர்வு இன்னும் பாக்கி இருக்கே!”

– 12ஆம் வகுப்பு மாணவன்