சாவி நழுவினால் ஸ்டீயரிங் என்னாகும்?

2014 பிப்ரவரியில் ஷெவர்லே கோபால்ட், சாட்டர்ன் அயான் முதலான சிறிய கார்களை ஜெனரல் மோட்டார்ஸ் திரும்ப அழைக்கத் தொடங்கியது. மார்ச் முடிவதற்குள் எண்ணிக்கை 26 லட்சத்தை எட்டியது. பழுது, சாவி போடும் சுவிட்சில். சாவியை அதன் நிலையில் பிடித்து நிறுத்தும் உட்பகுதிக்குப் போதிய விறைப்பு இல்லை. சாவிக்கொத்தின் கனமோ முழங்கால் இடியோ போதும், 'ஆன்' நிலையிலிருந்து, துணைக்கருவிகள் மட்டும் இயங்கும் 'ஏசிசி'க்குச் சாவி நழுவிவிடும். ஓடும் காரில் இஞ்சின் நின்றுபோகும். ஸ்டீயரிங்குக்கும் பிரேக்குக்கும் கிடைத்துவந்த உதவி போய்விடும். மோதினால் ஏர்பேக்கும் விரியாது. இதனால் நேர்ந்தவை என்று நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியம் ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124.

அந்தக் கார்களில் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவில்லை. கனத்துப்போனது, அவ்வளவுதான். அந்தக் கனத்துக்கு ஓட்டுநர் தயாராக இல்லாததும் பெரிய ஆபத்து.

ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது தண்டின் அடியிலுள்ள பினியன் என்ற பல்சக்கரம், பற்கள் வெட்டிய ராக் என்ற கம்பியை இடமோ வலமோ நகர்த்துகிறது. அதுதான் முன்சக்கரங்களைத் திருப்புகிறது. பவர் ஸ்டீயரிங் வந்த பிறகும் இந்த இரும்புத் தொடர்பு அப்படியே இருக்கிறது. கூடுதலாகச் சேர்ந்தது தண்டின் இடையே ஒரு மெல்லிய முறுக்குக் கம்பி. கை ஒரு பக்கம் திருப்ப, டயர் தரையைப் பற்றிக்கொண்டு எதிர்க்க, கம்பி சில டிகிரி முறுக்கிக்கொள்ளும். சென்சார் அந்த முறுக்கை அளக்கும். கணினி காரின் வேகத்தையும் சேர்த்துப் பார்த்து, திருப்ப உதவும் மின்மோட்டாரை இயக்கும். பார்க்கிங்கில் உதவி அதிகம், நெடுஞ்சாலையில் குறைவு. கம்பியே முறிந்தாலும் கையின் விசை சக்கரத்துக்குப் போய்ச் சேர, தண்டில் தனித் தடுப்பு உண்டு. இந்த வடிவமைப்பில் மிகவும் பாராட்ட வேண்டிய இடம் இதுதான்.

1951இல் கிறைஸ்லர் இம்பீரியலில் பவர் ஸ்டீயரிங் விற்பனைக்கு வந்தபோது இந்த உதவியைத் தந்தது எண்ணெய் அழுத்தம். மின்மோட்டார் 1988இல் சுசுகி செர்வோவில் வந்தது.

ஸ்டீயரிங் லாக் வேறு வேலை செய்வது. சாவியை உருவியதும் ஓர் எஃகு முளை ஸ்பிரிங் விசையில் பாய்ந்து தண்டின் பள்ளத்தில் அமரும். திருடனைத் தடுக்க வந்த இது, ஓடும் காரில் விழுந்தால் சக்கரம் திரும்பவே திரும்பாது. அதனால்தான் பல கார்களில் சாவியை உள்ளே அழுத்தினால் மட்டுமே 'லாக்' நிலைக்குப் போகும்; பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கார்களில் கியர் 'பி'யில் இல்லாவிட்டால் சாவி வெளியே வராது.

நிறுத்திய காரில் சாவி திரும்ப மறுத்தால் பயப்பட வேண்டாம். முறுகி நிற்கும் டயர், தண்டின் பள்ளத்தை முளையோடு அழுத்திக்கொண்டிருக்கும். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் மெல்ல அசைத்தபடி சாவியைத் திருப்பினால் முளை விடுபடும். முரட்டுத்தனமாகத் திருகினால் சாவிதான் உடையும்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பெட்ரோலை மிச்சம் பிடிக்க இஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டீயரிங், பிரேக் உதவியையும் இழந்து இறங்குவோர் இன்றும் உண்டு. அதில் மிச்சமாவது எதுவும் இல்லை. கியரில் இறங்கும்போது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே இன்றைய இஞ்சின்கள் எரிபொருளைத் தாமாக நிறுத்திக்கொள்ளும். மலையிறங்கும்போது இஞ்சின் ஓடட்டும். கார் முழுதாக நிற்கும்வரை சாவியில் கை வைக்காதீர்கள்.