ஏற்காடு டீம் அவுட்டிங் போதுமா, பாஸ்?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். சனிக்கிழமை காலையில் அந்த ரோட்டில் ஏறும் வேன்களைப் பாருங்கள். ஒரே கலரில் டி-ஷர்ட் போட்ட கூட்டம் ஒன்றாவது கண்ணில் படும். டீம் அவுட்டிங்! ஏரியில் படகு, லேடீஸ் சீட்டில் க்ரூப் போட்டோ, ராத்திரி கேம்ப் ஃபயர். மைக்கைப் பிடித்த மேனேஜர், "நாமெல்லாம் ஒரே ஃபேமிலி" என்பார். எல்லாரும் கை தட்டுவார்கள்.

திங்கட்கிழமை காலை மீட்டிங்கில் அதே மேனேஜர், எல்லார் முன்னாடியும் ஒருத்தரைப் பார்த்து, "இதுகூடத் தெரியாதா உனக்கு?" என்று கேட்டால், மலையில் இறக்கி வைத்த பாரம் மொத்தமும் ஒரே நிமிஷத்தில் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அவுட்டிங் வேண்டாம் என்று சொல்லவில்லை. குளிர்காற்றும் சூடான மிளகாய் பஜ்ஜியும் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால், ஊழியர்களின் மனநலத்துக்கு அதுதான் மருந்து என்று கம்பெனி நினைத்தால் அங்கேதான் சிக்கல். 2024-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் வில்லியம் ஃப்ளெமிங், பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் தகவல்களை அலசினார். தியான ஆப், மன அழுத்தத்தைச் சமாளிக்கும் பயிற்சி, நலவாழ்வு வகுப்பு என்று கம்பெனி கொடுத்ததில் கலந்துகொண்டவர்கள், கலந்துகொள்ளாதவர்களைவிட நன்றாக இருக்கிறார்களா என்று பார்த்தார். பெரும்பாலும் ஒரு வித்தியாசமும் இல்லை!

ஏன்? இவையெல்லாம் ஊழியரைத்தான் மாறச் சொல்கின்றன. வேலையை மாற்றுவதில்லை. எத்தனை மணிக்குக் கிளம்பலாம், லீவ் கேட்டால் முகம் எப்படிப் போகும், ஒரு தப்பு நடந்தால் முதல் கேள்வி என்ன... இதையெல்லாம் தீர்மானிப்பது ஆப் இல்லை, பாஸ்தான்.

இதைப் புரிந்துகொள்ள ஏற்காட்டை விட்டு வேறெங்கும் போக வேண்டாம். வேன் ஜன்னல் வழியாகத் தெரியும் சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அத்தனையும் காபிச் செடிகள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் சேர்வராயன் மலைக்கு வந்த பயிர் இது. காபிப் பழங்கள் எல்லாம் ஒரே நாளில் பழுக்காது. ஒரே கிளையில் சிவப்பும் இருக்கும், பச்சையும் இருக்கும். பழுத்ததை மட்டும் கையால் பறித்து, சில வாரம் கழித்து அதே செடிக்குத் திரும்ப வர வேண்டும்.

இப்போது மேற்பார்வையாளர் சாயங்காலம் தராசை மட்டும் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "எத்தனை கிலோ?" என்பதுதான் ஒரே கேள்வி என்றால், அவசரத்தில் பச்சையும் சாக்குக்குள் போய்விடும். காபியின் ருசி கெடும். பறிக்கிறவருக்கும் நாள் முழுக்கப் பதற்றம். ஆபீஸில் 'டார்கெட் என்னாச்சு?' என்று மட்டும் கேட்கும் பாஸ் செய்வதும் இதேதான்.

தோட்டங்களில் அந்த மேற்பார்வையாளருக்கு ஒரு பழைய பெயர் உண்டு: கங்காணி. கண்காணிக்கிறவர். தென்னிந்தியா, இலங்கைத் தோட்டங்களில் ஆள் பிடித்ததும், முன்பணம் கொடுத்துக் கடனில் கட்டி வைத்ததும் கங்காணிகள்தாம். (வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவரின் மவுஸ் அசைகிறதா என்று பார்க்கிற சாஃப்ட்வேருக்கும் இதே பெயரை வைக்கலாம். பொருத்தமாகத்தான் இருக்கும்.)

கண்காணிப்பு கூடினால் தப்பு குறையும் என்றுதான் பல பாஸ்கள் நம்புகிறார்கள். ஆனால் தப்பைச் சொல்வதுதான் குறையும். அமெரிக்கப் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனை நர்ஸ் குழுக்களை ஆராய்ந்தபோது ஒரு விசித்திரத்தைப் பார்த்தார். நல்ல தலைமை இருக்கும் குழுக்களில்தான் மருந்து கொடுப்பதில் நடந்த தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன! பிறகுதான் விஷயம் புரிந்தது. அங்கே தவறுகள் அதிகம் நடக்கவில்லை. பயமில்லாமல் வெளியே சொன்னார்கள். மற்ற குழுக்களில் மூடி மறைத்தார்கள். அந்த மறைப்பில் பாதிக்கப்படுவது நோயாளி மட்டுமா? மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தோடு வீட்டுக்குப் போகிற நர்ஸும்தான்.

அந்தப் பயம் உடம்பையும் விடாது. லண்டன் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த 'வொயிட்ஹால்' ஆய்வுகளில், இதய நோய் அதிகம் தாக்கியது மேலதிகாரிகளை இல்லை, கீழ்நிலையில் இருந்தவர்களை. தன் வேலை மீது தனக்கு அதிகாரம் இல்லாததும் அதற்கு ஒரு காரணம் என்று கண்டார்கள். வேலை நேரம் இன்னொரு காரணம். வாரம் 55 மணி நேரத்துக்கு மேல் உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 சதவிகிதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சொல்லின. ராத்திரி 11 மணிக்கு வரும் "சின்ன வேலைதான், முடிச்சுடு" மெசேஜும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

சரி, பாஸுக்கே மனசு வராவிட்டால்? சட்டம் வர வேண்டியிருக்கிறது. தோட்டத் தொழிலாளருக்கு வீடு, குடிநீர், மருத்துவம், குழந்தைகள் காப்பகம் தர வேண்டும் என்று 1951-ல் தனிச்சட்டமே போட வேண்டியிருந்தது. 70 ஆண்டுகள் கழித்து, 2021-ல், கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. ஜவுளிக்கடைப் பெண்கள் போராடியதால் கேரளாவில் 2018-லேயே வந்துவிட்டது. ஒரு நாற்காலி! நாள் முழுக்க நிற்கிறவரின் கால் வலியைப் பார்க்க முதலாளிக்குக் கண் இருந்திருந்தால் சட்டசபை வரை போயிருக்காது.

இத்தனைக்கும் பல மேனேஜர்கள் கெட்டவர்கள் இல்லை. நன்றாக வேலை பார்த்தார் என்பதற்காக புரொமோஷன் கொடுத்து, ஆட்களை எப்படி நடத்துவது என்று சொல்லித்தராமல் உட்கார வைத்திருப்பார்கள். மேலிருந்து அவருக்கு விழுகிற அடியை அப்படியே கீழே தள்ளிவிடுவார். ஆனால், இது கற்றுக்கொள்ளக் கூடியதுதான். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் தீயணைப்புத் துறையில், மனநலப் பிரச்னையில் இருக்கும் ஊழியரிடம் எப்படிப் பேசுவது என்று அதிகாரிகளுக்கு வெறும் 4 மணி நேரப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களின் கீழ் இருந்த ஊழியர்கள் வேலை காரணமாக எடுத்த மருத்துவ விடுப்பு குறைந்தது. 2017-ல் வெளியான ஆய்வு இது. 4 மணி நேரம் என்றால், ஏற்காட்டுக்குப் போய் ஒரு ரவுண்ட் சுற்றிப் பார்க்கிற நேரம்கூட இல்லை.

நீங்கள் டீம் லீடாக இருந்தால் இந்த வாரமே ஒன்றைச் செய்து பாருங்கள். யாராவது கெட்ட செய்தியோடு வந்தால், "யார் பண்ணது?" என்பதற்குப் பதில், "சொன்னதுக்குத் தேங்க்ஸ்பா, இப்போ என்ன பண்ணலாம்?" என்று கேளுங்கள். கீழே இருப்பவராக இருந்தால், எந்த நேரத்துக்குப் பிறகு மெசேஜுக்குப் பதில் வராது என்பதை டீமாகச் சேர்ந்து கேளுங்கள். தனியாகக் கேட்பதைவிட அதற்கு மரியாதை அதிகம். ஞாயிறு சாயங்காலமே நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வரவில்லை என்றால் தள்ளிப்போட வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.