55 டச்டவுன் பாஸ் வீசியும் தோல்வி... வெறும் 9 வீசியும் கோப்பை! என்.எஃப்.எல்-இல் முக்கியம் குவாட்டர்பேக்கா, டிஃபென்ஸா?

அமெரிக்கக் கால்பந்தில் அதிகச் சம்பளம், அதிக விளம்பரம், அதிகத் திட்டு எல்லாமே குவாட்டர்பேக்குக்குத்தான். ஒவ்வொரு தாக்குதலிலும் பந்தை முதலில் வாங்கி, யாருக்கு வீசுவது என்று சில விநாடிகளில் முடிவெடுப்பவர் அவர். அப்படியென்றால் நல்ல குவாட்டர்பேக் இருந்தாலே கோப்பை கிடைத்துவிடுமா? பெய்டன் மேனிங்கின் இரண்டு சீசன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும்.

2013: சாதனை சீசன், மோசமான முடிவு

டென்வர் பிராங்கோஸ் அணிக்காக மேனிங் அந்த சீசனில் 55 டச்டவுன் பாஸ்கள் வீசினார். அணி 16 ஆட்டங்களில் குவித்தது 606 புள்ளிகள். இரண்டுமே அப்போது புதிய சாதனை.

சூப்பர் பவுலில் எதிரே நின்றது சியாட்டில் சீஹாக்ஸ். அந்த சீசனில் மிகக் குறைந்த புள்ளிகளை (231) விட்டுக்கொடுத்த அணி. எதிரணியிடமிருந்து அதிக முறை பந்தைப் பறித்ததும் அதுதான். 2014 பிப்ரவரி 2 அன்று ஆட்டம் தொடங்கி 12-வது விநாடியிலேயே பந்து மேனிங்கைத் தாண்டிப் பின்னால் போக, சியாட்டிலுக்கு 2 புள்ளிகள். அதன்பிறகு டென்வர் எழவே இல்லை. முடிவு 43-8.

2015: அதே மேனிங், தலைகீழ் கதை

39 வயது மேனிங், காயம் வேறு. 9 டச்டவுன் பாஸ். எதிரணி கைக்குப் போனவை 17. நடுவில் அணியிலிருந்தே உட்கார வைக்கப்பட்டார். ஆனால் இந்த முறை லீக்கின் சிறந்த டிஃபென்ஸ் டென்வரிடம் இருந்தது.

இறுதிப் போட்டியில் எதிரணி கரோலினா பாந்தர்ஸ். சீசனில் 500 புள்ளிகள் குவித்த அணி. அதன் குவாட்டர்பேக் கேம் நியூட்டன்தான் அந்த ஆண்டின் எம்.வி.பி. டென்வரின் வான் மில்லர் நியூட்டனிடமிருந்து இரண்டு முறை பந்தைத் தட்டிவிட்டார். இரண்டுமே டச்டவுனில் போய் முடிந்தன. மேனிங் வீசியது வெறும் 141 யார்டுகள். ஆனாலும் 24-10 என டென்வருக்கே கோப்பை.

இரண்டையும் வாங்க முடியாதா?

அங்கேதான் சிக்கல். ஐ.பி.எல் ஏலத்தைப் போலவே என்.எஃப்.எல்-இலும் சம்பள உச்சவரம்பு உண்டு. 2013-இல் ஓர் அணிக்கு சுமார் 12.3 கோடி டாலர். சியாட்டிலின் குவாட்டர்பேக் ரசல் வில்சன் அப்போது இரண்டாம் ஆண்டு வீரர்; அவருடைய ஆண்டுச் சம்பளம் 10 லட்சம் டாலர்கூட இல்லை. மேனிங்கின் ஒப்பந்தமோ 5 ஆண்டுகளுக்கு 9.6 கோடி டாலர். வில்சனால் மிச்சமான பணத்தை சியாட்டில் மற்ற இடங்களில் செலவழிக்க முடிந்தது. ஒருவருக்கு அள்ளிக் கொடுத்தால் இன்னொரு பக்கம் கை கடிக்கும்.

அப்போ டிஃபென்ஸ்தான் எல்லாமா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. 2022 சீசனில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் எதிரணி குவாட்டர்பேக்குகளை 70 முறை வீழ்த்தியது. ஆனால் சூப்பர் பவுலில் கன்சாஸ் சிட்டியின் பேட்ரிக் மஹோம்ஸை ஒருமுறைகூட வீழ்த்த முடியவில்லை. 38-35 எனத் தோற்றது. இரண்டு வருடம் கழித்து 2025 பிப்ரவரியில் அதே அணிகள், அதே மஹோம்ஸ். இந்த முறை கூடுதல் ஆட்களை அனுப்பாமல், முன்வரிசையை மட்டும் நம்பியே அவரை 6 முறை வீழ்த்தியது ஈகிள்ஸ். முடிவு 40-22.

என்ன கவனிக்கலாம்?

மஹோம்ஸுக்குப் பந்து வீச நேரம் கிடைத்த ஆட்டத்தில் அவர் ஜெயித்தார். கிடைக்காத ஆட்டத்தில் தோற்றார். அதனால் இரண்டு அணிகளை ஒப்பிடும்போது டச்டவுன் கணக்கோடு நிறுத்த வேண்டாம். குவாட்டர்பேக் எத்தனை முறை வீழ்த்தப்படுகிறார், பந்தை எத்தனை முறை இழக்கிறார், அவருடைய டிஃபென்ஸ் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி விட்டுக்கொடுக்கிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பாருங்க. 606 புள்ளிகள் எடுத்த அணி 8 புள்ளிகளோடு வீடு திரும்பியது ஏன் என்பதும் அப்போது புரிந்துவிடும்.