ஓசூர் டு கிருஷ்ணகிரி: 1792-ல் ஓவியர்கள் பார்த்த மலைக்கோட்டைகளை உங்க மொபைலில் பிடிக்கலாம் வாங்க!

அமெரிக்காவில் கூரை போட்ட பழைய மரப்பாலங்களையும் கலங்கரை விளக்கங்களையும் போட்டோ எடுக்கவே காரில் ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓசூர் பக்கம் கடலும் இல்லை, கலங்கரை விளக்கமும் இல்லை. ஆனால், ஷிஃப்ட் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்தால் போதும், மலைக்கோட்டைகள் வரிசையாக நிற்கின்றன. இந்தப் பகுதிக்குப் பழைய பெயரே பாராமகால். பாரா என்றால் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டு கோட்டைகள் எவை என்பதில் மட்டும் ஆளுக்கொரு பட்டியல்!

முதலில் ராயக்கோட்டை. ஓசூரிலிருந்து உத்தனப்பள்ளி வழியாகப் போனால் சுமார் 30 கி.மீ. திப்பு சுல்தானுடன் நடந்த மூன்றாம் மைசூர்ப் போரில், 1791-ல் மேஜர் கௌடியின் படை இதைப் பிடித்தது. அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணம் ஒப்பந்தத்தில் பாராமகால் முழுக்க கம்பெனி கைக்குப் போனது. அதே 1792-ல்தான் தாமஸ் டேனியல், அவருடைய அண்ணன் மகன் வில்லியம் என்று இரண்டு ஆங்கில ஓவியர்கள் இந்த வழியாக வந்தார்கள். போர் நடந்த இடங்களைப் படமாகப் பார்க்க லண்டனில் ஆள் இருந்தது. காட்சியைத் தாளில் விழவைக்கும் கேமரா அப்ஸ்கியூரா என்ற பெட்டியையும் இவர்கள் பயன்படுத்தினார்கள். நம்ம மொபைல் கேமராவுக்குக் கொள்ளுத்தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் வரைந்த ராயக்கோட்டைப் படம் இணையத்திலேயே கிடைக்கிறது. கிளம்பும் முன் டவுன்லோடு செய்துவிடுங்கள். அங்கே போனதும் படத்தில் இரண்டு அடையாளங்களைப் பிடியுங்கள்: உச்சிப் பாறை ஒன்று, அதற்கு முன்னால் இருக்கும் ஏதாவது ஒரு பாறை விளிம்பு. நீங்கள் இடம் வலமாக நடக்க நடக்க இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மாறும். படத்தில் இருப்பதுபோல் எப்போது பொருந்துகிறதோ, கிட்டத்தட்ட அந்தக் கோட்டில்தான் அவர்கள் நின்றிருக்கணும். ஜூம் செய்து இதைச் சரிக்கட்ட முடியாது, கால்தான் நகரணும். அல்ட்ரா வைடு வேண்டவே வேண்டாம், மலை குட்டியாகிவிடும், 2எக்ஸ் போதும். என்ன செய்தும் பொருந்தவில்லையா? மலையைக் கொஞ்சம் தூக்கலாகக் காட்டுவது அந்தக்கால ஓவியர்களுக்குப் பழக்கம்தான்.

அங்கிருந்து கிருஷ்ணகிரி இன்னொரு 30 கி.மீ. சையத் பாஷா மலை என்று ஊரார் சொல்லும் கோட்டைமலையை 1791 நவம்பரில் கர்னல் மேக்ஸ்வெல் தாக்கினார். கீழ்க்கோட்டையைப் பிடித்தும் மேலே ஏற முடியவில்லை. பாறைச் சரிவை நேரில் பார்த்தால் ஏன் என்று உங்களுக்கே புரியும். பக்கத்து ஜெகதேவிக் கோட்டையையும் டேனியல்கள் வரைந்திருக்கிறார்கள், நேரமிருந்தால் அதையும் பாருங்கள். வெயில் ஏறினால் கருங்கல் வெளுத்துப் போய் படத்தில் வெறும் சுவர் மாதிரி தெரியும். அதனால் காலை ஒன்பதுக்குள், இல்லாவிட்டால் நாலு மணிக்கு மேல். டிரோனை முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடாதீர்கள், தொல்லியல் துறை விடாது.

இவ்வளவு மெனக்கெடல் ஒரு ரீல்ஸுக்காகவா? இல்லை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடை, அதற்கு மேல் 200 மீட்டர் வரை கட்டுப்பாடு. சட்டம் அத்தோடு சரி. கிரானைட்டுக்குப் பேர்போன மாவட்டம் இது. ஓவியத்தில் கோட்டைக்குப் பின்னால் தெரிகிற சின்னக் குன்றுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. அது இன்று முழுசாக இருக்கிறதா, பாதி வெட்டப்பட்டிருக்கிறதா என்று காட்ட, தேதியும் இடமும் பதிவான உங்கள் படம் ஒன்று இருந்தால் அது ஆவணம். லொகேஷனை ஆன் செய்து எடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அந்த விவரங்கள் போய்விடும். ஒரிஜினல் ஃபைலை விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றுங்கள், இலவசம்தான்.

திரும்பும்போது கே.ஆர்.பி. அணைப் பக்கம் வண்டியைத் திருப்புங்கள். அங்கே மீன் வறுவல் சூடாகக் கிடைக்கும்.