கம்ப்யூட்டருக்குப் பிடிபடாத பந்து

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், டைப் அடிக்கவும் இமெயில் அனுப்பவும் கற்றுக் கொண்ட கையோடு தேடிப் போவது கேம்ஸைத்தான். அவற்றில் ஸ்போர்ட்ஸ் சிமுலேஷன் என்று ஒரு வகை உண்டு. நிஜ வீரர்களின் திறமையை எண்களாக மாற்றி, அந்த எண்களைக் கொண்டு போட்டியை நடத்திக் காட்டும் புரோகிராம்கள் இவை. இந்த வகையில் அதிக நுணுக்கத்துடன் எழுதப்படுபவை அமெரிக்கர்களின் பேஸ்பால் கேம்ஸ். கம்ப்யூட்டர் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே, 1961-ல், ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்ற பெயரில் தாயக்கட்டையையும் அட்டைகளையும் வைத்து இதை விளையாடத் தொடங்கிவிட்டார்கள்.

இப்படிப்பட்ட ஒரு கேம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்று சோதிக்க எளிய வழி ஒன்று உள்ளது. அதில் நக்கிள்பால் வீசும் பிட்சர் ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் என்ன ஆகிறார் என்று பாருங்கள்.

நக்கிள்பால் என்றால் என்ன?

பேஸ்பாலில் பந்தை வீசுபவர் பிட்சர். அடிப்பவர் பேட்டர். பேட்டருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர் கேட்சர். வேகமாக வீசப்படும் பந்து மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில், பேட்டரை அடைவதற்குள் ஏறக்குறைய 15 முறை சுழலும். சுழற்சி சீராக இருப்பதால் பந்து எந்தப் பக்கம் வளையும் என்பதும் சீராக இருக்கும். பிட்சருக்கு அது தெரியும். அனுபவமுள்ள பேட்டருக்கும் ஓரளவு தெரியும்.

நக்கிள்பாலை விரல் நுனிகளால், நகத்தை ஊன்றிப் பிடித்து, சுழலவே விடாமல் வீசுவார்கள். வேகம் 105 முதல் 130 கிலோமீட்டர் வரைதான். வழியில் ஒன்று அல்லது இரண்டு சுற்றுதான் சுற்றும். பந்தின் மேல் புடைத்திருக்கும் தையல், காற்றை எந்தப் பக்கம் கலைக்கிறதோ அதைப் பொறுத்துப் பந்து ஒரு பக்கம் தள்ளப்படுகிறது. 1975-ல் ராபர்ட் வாட்ஸ், எரிக் சாயர் என்ற இருவர் காற்றுச் சுரங்கத்தில் பந்தை வைத்து, தையலின் நிலை சற்று மாறினாலும் இந்தத் தள்ளுவிசை மாறிவிடுகிறது என்று அளந்து காட்டினார்கள். ஆகவே அடுத்த பந்து எந்தப் பக்கம் போகும் என்பது பேட்டருக்கும் தெரியாது, கேட்சருக்கும் தெரியாது, வீசியவருக்கே தெரியாது.

(கிரிக்கெட்டில் 2011 உலகக் கோப்பையின் போது ஜாகீர் கான் வீசியதும் இதே பெயர் கொண்ட பந்துதான். ஆனால் அங்கே பந்து தரையில் குத்தி எழும். வேகம் குறைவதை மறைப்பதுதான் முக்கிய வேலை. இங்கே பந்து தரையைத் தொடுவதே இல்லை.)

திரையில் தள்ளாடும் பந்து

பட்டனை அழுத்தி நாமே வீசி, நாமே அடிக்கும் ஆக்ஷன் வகை கேம்ஸ் பலவற்றில் நக்கிள்பால் பட்டாம்பூச்சியைப் போல் இடமும் வலமுமாகத் தள்ளாடி வரும். வர்ணனையாளர்களும் அப்படித்தான் சொல்லி வந்தார்கள். ஆனால் அளந்து பார்த்தபோது கிடைத்த விடை வேறு.

அமெரிக்க மைதானங்களில் பிட்ச் எஃப்எக்ஸ் என்ற கேமரா அமைப்பு பொருத்தப்பட்ட பின், ஒவ்வொரு பந்தின் பாதையும் எண்களாகக் கிடைக்கத் தொடங்கியது. இல்லினாய் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஆலன் நேதன், டிம் வேக்ஃபீல்ட், ஆர்.ஏ. டிக்கி ஆகிய இருவர் வீசிய நக்கிள்பால்களை இந்த எண்களைக் கொண்டு ஆராய்ந்தார். 2012-ல் வெளியான அவருடைய முடிவு: கேமராவால் அளக்க முடிந்த நுணுக்கம் வரை, நக்கிள்பாலின் பாதை மற்ற பந்துகளின் பாதையைப் போலவே சீரான வளைவுதான். வேறுபாடு எங்கே என்றால், ஒரு பந்து இடப்பக்கம் வளையும், அடுத்தது வலப்பக்கம், அதற்கடுத்தது மேலே நிற்கும். ஒவ்வொரு பந்தும் ஒழுங்காகவே வருகிறது. எந்த ஒழுங்கு என்பதைத்தான் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.

சாப்ட்வேர் எழுதுவது என் தொழில் என்பதால் இது எனக்கு மிகவும் பிடித்த இடம். ஒரு புரோகிராமில் தள்ளாட்டத்தைக் காட்டுவது சுலபம். பந்து கையை விட்டுக் கிளம்பும் போதே அது எங்கே போய்ச் சேரும் என்று கம்ப்யூட்டர் கணக்கிட்டு விடுகிறது. வழியில் கொஞ்சம் ஆட்டி ஆட்டிப் படம் வரைந்தால் போதும். கடினமான வேலை, கம்ப்யூட்டரே பேட்டராக நிற்கும் போதுதான் வருகிறது. விடை அதற்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்த விடையைத் தெரியாதது போல் நடிக்க வைக்க வேண்டும். இதில் கோட்டை விட்டால், திரையில் எவ்வளவு அழகாக ஆடினாலும் அந்தப் பந்தைக் கம்ப்யூட்டர் நொறுக்கித் தள்ளிவிடும். நாம் அடிக்கும் போதோ வேகம் குறைவு என்பதால் நிதானமாகப் பார்த்துப் பட்டனைத் தட்டுகிறோம். இரண்டு பக்கமும் நக்கிள்பால்காரருக்கு நஷ்டம்.

எண்களால் ஆன பிட்சர்

அடுத்தது மேனேஜர் வகை. இதில் பந்தைப் பார்ப்பதைவிட அட்டவணைகளைப் பார்ப்பதே அதிகம். 1999-ல் முதல் பதிப்பு வந்த அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால் இவற்றில் பெயர் பெற்றது. இங்கே பிட்சர் என்பவர் சில மதிப்பெண்களின் தொகுப்பு. பேட்டரை அவுட்டாக்கும் திறன், பந்தின் அசைவு, கட்டுப்பாடு, வேகம் என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொரு மோதலுக்கும் கம்ப்யூட்டர் இந்த மதிப்பெண்களைப் பார்த்து, ஒரு ரேண்டம் எண்ணை எடுத்து முடிவு சொல்கிறது. தாயக்கட்டை உருட்டுவதன் மின்னணு வடிவம் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

இந்தக் கேம்ஸை எழுதுபவர்களை நக்கிள்பால் உண்மையிலேயே யோசிக்க வைத்தது. 2001-ல் வோரோஸ் மெக்ராக்கன் என்ற ஆய்வாளர் ஒரு வியப்பான கருத்தை வெளியிட்டார். மட்டையில் பட்டு மைதானத்துக்குள் விழும் பந்துகளில் சுமார் 30 சதவீதம் பேட்டருக்கு வெற்றியாகின்றன. அந்த விகிதத்தைக் குறைப்பது பெரும்பாலும் பிட்சர் கையில் இல்லை என்றார் அவர். டைமண்ட் மைண்ட் பேஸ்பால் என்ற சிமுலேஷன் கேமை உருவாக்கிய டாம் டிப்பெட், 2003-ல் பல ஆண்டுப் புள்ளிவிவரங்களை எடுத்துப் பார்த்தார். நக்கிள்பால் வீசுபவர்கள் அந்த விதிக்குள் சரியாக அடங்கவில்லை. அவர்கள் பந்தைப் பேட்டர்கள் அடிக்கிறார்கள், ஆனால் மட்டையின் நடுவில் படுவதில்லை. கேம் எழுதியவர் நிஜ விளையாட்டைப் பற்றி ஓர் உண்மையைச் சொன்னார் என்பது நமக்கு ஆச்சரியம். பிறகு டிப்பெட், வேக்ஃபீல்ட் ஆடிய பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியிலேயே புள்ளிவிவர வேலைக்குச் சேர்ந்தார்.

மதிப்பெண்ணில் அடங்காத இன்னொன்று மனிதர்களின் கதை. வேக்ஃபீல்ட் 1988-ல் பிட்சராகத் தேர்வு செய்யப்படவில்லை. முதல் பேஸில் நிற்கும் ஆட்டக்காரராக வந்தார். மட்டை கை கொடுக்காததால் நக்கிள்பாலுக்கு மாறி, 2012-ல் 45 வயதில் 200 வெற்றிகளுடன் ஓய்வு பெற்றார். (2023 அக்டோபரில் காலமானார்.) டிக்கியின் கதை இன்னும் கடினமானது. 2006 ஏப்ரலில், 31 வயதில், நக்கிள்பால்காரராக வீசிய முதல் ஆட்டத்திலேயே ஆறு ஹோம் ரன்களை விட்டுக் கொடுத்தார். எந்த கேமில் இருந்தாலும் கம்ப்யூட்டர் மேனேஜர் அன்று மாலையே அவரை அணியை விட்டு நீக்கியிருக்கும். நிஜத்தில் அவர் 2012-ல் நியூயார்க் மெட்ஸ் அணிக்காக 20 வெற்றிகள் பெற்று, ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கினார். அதை வாங்கிய முதல் நக்கிள்பால் பிட்சர் அவர்தான்.

கேட்சர் பாடு

கேம்ஸ் பெரும்பாலும் மறந்து விடுவது கேட்சரை. 2006-ல் வேக்ஃபீல்டின் பந்துகளைப் பிடித்துப் பழகிய டக் மிராபெல்லி வேறு அணிக்குப் போனதால், ஜாஷ் பார்ட் என்பவர் பிடிக்க வந்தார். ஐந்தே ஆட்டங்களில் 10 பந்துகளைத் தவற விட்டார். மே 1-ம் தேதி மிராபெல்லியை மீண்டும் விலைக்கு வாங்கி, போலீஸ் பாதுகாப்புடன் காரில் மைதானத்துக்கு அழைத்து வந்தார்கள். அவர் காருக்குள்ளேயே உடை மாற்றிக் கொண்டார். இதில் புரோகிராமருக்கு ஒரு சிக்கல் உள்ளது. தவறிய பந்துகள் கணக்கில் கேட்சர் பெயரில்தான் ஏறும். அந்தக் கணக்கை வைத்து மதிப்பெண் போட்டால், கடினமான பந்தைப் பிடித்த நல்ல கேட்சர், கேமில் கையாலாகாதவராகி விடுவார்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால் கேமில் பழைய ஆண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அன்றைய நிஜ வீரர்களுடன் தொடங்கும் வசதி உள்ளது. 1967-ஐத் தேர்ந்தெடுங்கள். அட்லாண்டா பிரேவ்ஸ் அணியில் ஃபில் நீக்ரோ இருப்பார். நிஜத்தில் இவர் 48 வயது வரை வீசி 318 வெற்றிகள் பெற்றவர். அவற்றில் 121 வெற்றிகள் 40 வயதுக்குப் பிறகு வந்தவை.

தொடங்கும் முன் ஒரு செட்டிங்கைக் கவனியுங்கள். ஒவ்வொரு சீசன் முடிந்ததும் வீரர்களின் மதிப்பெண்களை நிஜப் புள்ளிவிவரப்படி திருத்தும் ரீகால்குலேட் வசதி ஒன்று இருக்கும். அது செயல்பட்டால் நீக்ரோ நீடிப்பார். வரலாற்றைப் பார்த்துக் காப்பி அடிப்பதால் அது சோதனை ஆகாது. அதை நிறுத்தி விட்டு, கேமை வேறு பெயரில் ஒரு பிரதி சேவ் செய்து கொண்டு, 1987 வரை ஓட விடுங்கள். பிறகு சேவ் செய்த பிரதியைத் திறந்து மீண்டும் ஓட விடுங்கள். நான்கைந்து முறை செய்து, நீக்ரோ எந்த வயதில் ஓய்வு பெறுகிறார் என்று ஒவ்வொரு முறையும் ஒரு தாளில் குறித்துக் கொள்ளுங்கள். அப்படியே அவருடைய கேட்சர்களின் பக்கத்தையும் திறந்து, பாஸ்டு பால் என்ற கட்டத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள்.