தேநீரும் காப்பியும் நீர்க் கணக்கில் சேருமா?

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், மலையடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் வித்துரா. அதற்கு மேலுள்ள பொன்முடி, போணக்காடு மலைச்சரிவுகள் தேயிலைக்குப் பெயர்பெற்றவை. கீழ்ப்பகுதிகளில் ரப்பர் தோட்டங்கள் பரந்துள்ளன. பொழுது புலருமுன் ரப்பர் பால் வெட்டப் புறப்படுபவரும், கொழுந்து கிள்ளச் செல்பவரும் ஒரு குவளைக் கட்டன்சாயாவுடன் நாளைத் தொடங்குவது மலையோர மக்களின் வழக்கம். பால் சேராத இக் கடுந்தேநீரே பலருக்கு முற்பகல் முழுவதும் பானமாக அமைந்துவிடுகிறது.

இத்தகைய ஊரில் வேனிற்கால நோய்களைப் பற்றி எடுத்துரைக்கும் சுகாதார ஊழியர், நாள்தோறும் போதிய நீர் அருந்த வேண்டும் என்று கூறினால், “தேநீர் குடிக்கிறோமே, அது நீராகாதா?” என்ற வினா எழுவது இயல்பு. தேநீரும் காப்பியும் உட்கொண்ட நீரைவிட மிகுதியான நீரைச் சிறுநீராக வெளியேற்றிவிடும், ஆதலின் அவை கணக்கில் சேரா என்பதே நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் விடை. இவ்விடையில் ஒரு சிறு பகுதியே உண்மை.

உடலின் நீர் வரவு செலவு

வளர்ந்த மனிதரின் உடல் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் நீரே. சிறுநீர், வியர்வை, மூச்சுக்காற்று, மலம் ஆகியவற்றின் வழியே ஓயாது வெளியேறும் இந்நீரை உணவாலும் பானத்தாலும் ஈடுசெய்ய வேண்டியுள்ளது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவின்படி, மிதமான தட்பவெப்பத்தில் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 2.5 லிட்டரும் பெண்களுக்கு 2 லிட்டரும் போதுமானவை. வெயிலில் உழைப்போரின் தேவை இதனினும் மிகுதி.

இவ்வளவு, தனி நீரின் அளவன்று. உணவிலுள்ள நீரும் எல்லாப் பானங்களிலுமுள்ள நீரும் சேர்ந்த மொத்தமாகும். காலையில் உண்ணும் கஞ்சியும், மதிய உணவின் குழம்பும் மோரும் இதில் அடங்கும். அமெரிக்க உணவு, ஊட்டச் சபை 1945ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 2.5 லிட்டர் என்று குறிப்பிட்டபொழுது, அதன் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே அடங்கியுள்ளது என்றும் கூறியது. முதற் கூற்று நாடெங்கும் பரவியது, இரண்டாவது மறக்கப்பட்டது. நாள்தோறும் எட்டுக் குவளைத் தனி நீர் அருந்தியே தீர வேண்டும் என்ற கருத்து இவ்வாறே வேரூன்றியது எனப் பலர் கருதுகின்றனர்.

ஐயத்தின் தோற்றம்

தேயிலையிலும் காப்பிக்கொட்டையிலும் காபீன் என்னும் பொருள் உண்டு. சிறுநீரகத்தில் வடிகட்டப்பட்ட திரவத்திலிருந்து உப்பும் நீரும் மீண்டும் இரத்தத்திற்கு ஈர்க்கப்படுகின்றன. அங்கு அடினோசின் என்னும் இயற்கைப் பொருளின் செயலைக் காபீன் தடுப்பதால், மீள ஈர்க்கப்படும் உப்பின் அளவு சிறிது குறைகிறது. ஈர்க்கப்படாத உப்புடன் நீரும் வெளிச்செல்வதால் சிறுநீர் மிகுகிறது. ஐயத்திற்கு இதுவே அடிப்படை.

இதனை ஆராய்ந்த தொடக்ககால ஆய்வுகளுள் ஒன்று 1928ஆம் ஆண்டில் எடி, டௌன்ஸ் என்னும் இருவர் வெளியிட்டது. அதில் பரிசோதிக்கப்பட்டவர் மூவரே. அவ்வாய்வும், காபீனைத் தொடர்ந்து உட்கொள்வோரின் உடல் அதற்குப் பழகிவிடுவதையும், அதனால் சிறுநீர்ப் பெருக்கு தணிவதையும் எடுத்துக்காட்டியது. ஆயினும் காபீன் சிறுநீரைப் பெருக்கும் என்ற பகுதியே மக்களிடையே நிலைத்தது.

அண்மைக்கால ஆய்வுகள்

2011ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், நலமுள்ள 21 ஆண்கள் 12 மணி நேரத்தில் 240 மில்லி லிட்டர் அளவுள்ள நான்கு அல்லது ஆறு குவளைத் தேநீரையும், வேறொரு நாளில் அதே அளவு வெந்நீரையும் அருந்தினர். இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்தபொழுது, உடலின் நீர்நிலையில் இரண்டிற்கும் வேறுபாடு காணப்படவில்லை.

காப்பியைப் பற்றி இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து 2014ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். காப்பி அருந்தும் வழக்கமுள்ள 50 ஆண்கள் நாளொன்றுக்கு 200 மில்லி லிட்டர் வீதம் நான்கு முறை காப்பியை மூன்று நாள்கள் அருந்தினர். மற்றொரு மூன்று நாள்கள் அதே அளவு நீரை அருந்தினர். இங்கும் உடலின் மொத்த நீரளவு மாறவில்லை.

ஆயின் அளவு மிகும்பொழுது விளைவும் மாறுகிறது. 2017ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், உடல் எடையில் கிலோகிராமுக்கு 3 மில்லிகிராம் காபீன் அடங்கிய காப்பி சிறுநீரைப் பெருக்கவில்லை. 6 மில்லிகிராம் அடங்கிய காப்பி பெருக்கியது. பின்னது ஒரே வேளையில் 500 மில்லிகிராமுக்கு மேற்பட்ட காபீனாகும். கடைத் தேநீரில் இவ்வளவை ஒரே வேளையில் எட்டுவது அரிது.

ஒரு கணக்கு

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 1918ஆம் ஆண்டில் தேயிலை நாடான குன்னூரில் ஒரு சிறிய ஆய்வுக்கூடமாகத் தோன்றியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவைச் சார்ந்த இந்நிறுவனம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட உணவு வழிகாட்டியின்படி, ஒரு முறை அருந்தும் தேநீரில் 30 முதல் 65 மில்லிகிராம் வரையிலும், 150 மில்லி லிட்டர் வடிகாப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரையிலும் காபீன் உண்டு. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மிகாதிருக்குமாறு அது அறிவுறுத்துகிறது.

தொழிலாளி ஒருவர் 150 மில்லி லிட்டர் வீதம் ஐந்து குவளைத் தேநீர் அருந்துவதாகக் கொள்வோம். உட்கொண்ட பானம் 750 மில்லி லிட்டர். அதிலுள்ள காபீன் மிகுதியாகக் கணக்கிட்டாலும் 300 மில்லிகிராமை அடுத்தே நிற்கும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2015ஆம் ஆண்டில் வெளியான மதிப்பீடு, சுமார் 300 மில்லிகிராம் காபீனால் கூடுதலாக வெளியேறும் சிறுநீர் சராசரியாக 109 மில்லி லிட்டர் என்று காட்டுகிறது. எஞ்சி நிற்பது ஏறத்தாழ 640 மில்லி லிட்டர். உடலுழைப்பின்போது இவ்விழப்பு பெரிதும் குறைந்துவிடுவதையும் அம் மதிப்பீடு கண்டது. எனவே தேநீர் நீராகும். அதில் மிகச் சிறிய கழிவே உண்டு.

எல்லை எதற்கு?

அங்ஙனமாயின் தேநீர் ஒன்றையே அருந்தி நாளைக் கழிக்கலாமா? கூடாது. ஆனால் அதற்குரிய காரணங்கள் வேறு.

முதலாவது, இரும்புச் சத்து. தேயிலையிலும் காப்பியிலுமுள்ள துவர்ப்புப் பொருள்கள், கீரை, பயறு, தானியங்களிலுள்ள இரும்புடன் கலந்து, அதனைக் குடல் ஈர்க்காதவாறு தடுக்கின்றன. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களுள் 57 சதவீதத்தினரிடம் இரத்தசோகை காணப்பட்டது. கேரளத்திலும் அது 36.3 சதவீதம். உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் இப்பானங்களைத் தவிர்க்குமாறு மேற்கூறிய வழிகாட்டி கூறுவது இதனாலேயே. சோற்றுடன் அருந்தும் கட்டன்சாயாவைச் சற்றுத் தள்ளி வைப்பது செலவில்லாத மருந்தாகும். இரும்புச் சத்து மாத்திரையையும் தேநீருடன் விழுங்கலாகாது.

இரண்டாவது, சர்க்கரை. குவளைக்கு இரண்டு தேக்கரண்டி, அதாவது சுமார் 10 கிராம், சேர்த்தால் ஐந்து குவளையில் 50 கிராம் சென்றுவிடும். நாளொன்றுக்கு 25 கிராமளவில் நிறுத்துவது நன்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து.

மூன்றாவது, காபீனின் பிற விளைவுகள். மிகுதியானால் உறக்கம் கெடும், நெஞ்சு படபடக்கும். நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் காபீன் உட்கொள்ளும் கர்ப்பிணிகள் அதனைக் குறைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. குழந்தைகளின் தாகத்திற்குத் தேநீர் ஏற்றதன்று.

ஊழியரும் ஆசிரியரும் கவனிக்க வேண்டியவை

“தேநீர் நீராகாது” என்று கூறுவதனால் பயனில்லை. நாள்தோறும் தேநீரருந்தி உழைப்பவர் தம் அனுபவத்திற்கு மாறான அச்சொல்லை ஏற்கமாட்டார்; அதனுடன் கூறப்படும் நல்லுரைகளையும் தள்ளிவிடுவார். “தேநீர் கணக்கில் சேரும், ஆயினும் உணவோடு வேண்டா, சர்க்கரை குறையட்டும், எஞ்சிய தாகத்திற்குக் கொதிக்கவைத்து ஆறிய நீர் அருந்துக” என்பதே உண்மையும் பயனுமுள்ள அறிவுரை. நன்கு கொதித்த நீரில் நோய்க்கிருமிகள் அழிந்துவிடுவதால், ஐயத்திற்குரிய ஓடை நீரைவிடச் சூடான கட்டன்சாயா மேலானது என்பதும் கூறத்தக்கதே.

வெயிலில் வேலை செய்வோர் தாகம் எடுக்கும்வரை காத்திராது, இடையிடையே சிறிது சிறிதாக அருந்த வேண்டும். கேரள அரசு கடுங்கோடையில் வெயிலில் செய்யும் வேலைகளுக்கு நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வு விதிப்பதும் இதே நோக்குடையது. சிறுநீர் அடர்ந்த மஞ்சள் நிறமடைந்தால் நீர் போதவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். வயிற்றுப்போக்கின்போது தேநீர் போதாது. உப்பும் சர்க்கரையும் அளவறிந்து சேர்ந்த வாய்வழி நீரேற்றக் கரைசலே வேண்டும். இதய, சிறுநீரக நோயாளிகள் நீரளவை மருத்துவரிடமே கேட்டறிய வேண்டும்.

தோட்டங்களில் பெண்கள் குறைவாக அருந்துவதற்கு அறியாமை மட்டும் காரணமன்று. அருகில் கழிப்பிடம் இல்லாத இடத்தில் நாள் முழுதும் நிற்பவர் நீரைத் தாமே குறைத்துக்கொள்கிறார். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடிநீருக்கும் கழிப்பிடத்திற்கும் சேர்த்தே வகைசெய்தது. ஒன்றின்றி மற்றொன்று பயன்படாது. பள்ளிச் சிறுமியருக்கும் இது பொருந்தும். 2024ஆம் ஆண்டில் கேரளப் பள்ளிகளில் முற்பகல் 10.30 மணிக்கும் பிற்பகல் 2.30 மணிக்கும் நீரருந்த மணியடிக்கும் முறை அறிமுகமாயிற்று. அம்மணி ஒலிக்கும்பொழுது குவளையில் தூய நீர் இருக்கிறதா, கழிப்பிடத்தின் கதவு திறந்திருக்கிறதா என்று ஆசிரியர் பார்ப்பாராயின், மணியின் பயன் முழுமை பெறும்.