மாலையில் சாயும் கண் இமை!
தைராய்டு நோயாளிக்கு வரும் இன்னொரு நோய்

தொண்டையின் முன்புறம் இருக்கும் சுரப்பி தைராய்டு. அது அளவுக்கு மீறிச் சுரந்தால் உடம்பு மெலியும். நெஞ்சு படபடக்கும். மாடிப்படி ஏறினால் தொடை தளரும். சிலருக்குக் கண் பிதுங்கி, இமை மேலே ஏறிக்கொள்ளும்.

ஆனால், "சாயங்காலம் ஆனால் இமை கீழே சாய்கிறது, ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறது, சோறு மெல்ல மெல்ல வாய் வலுவிழக்கிறது" என்று அந்த நோயாளி சொன்னால்?

அதையும் தைராய்டு கணக்கில் எழுதிவிடக் கூடாது. அது 'மயஸ்தீனியா கிராவிஸ்' என்ற தசை நோயாக இருக்கலாம்.

பீங்கான் பியூஸ்

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். பக்கத்தில் உள்ள கருவேப்பிலங்குறிச்சிக்காரர்களுக்குப் பீங்கான் பியூசைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கம்பியும் நல்லது, பல்பும் நல்லது. பியூஸ் சரியாகப் பொருந்தாவிட்டால் விளக்கு மினுக்கும்.

இந்த நோயும் அப்படித்தான். நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் கோளாறு. கிருமியை எதிர்க்க வேண்டிய சக்தியே அந்த இடத்தைத் தாக்குகிறது. தைராய்டு நோய் பலருக்கு வருவதும் இதே உள்வீட்டுச் சண்டையால்தான். தைராய்டு நோயாளிகளுக்கு இந்தத் தசை நோய் வருவது அபூர்வம். ஆனால் தசை நோய் உள்ள 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத் தைராய்டு கோளாறும் உண்டு.

அம்பு விஷம் காட்டிய வழி

லண்டன் கிரீனிச்சில் 1934-ல் டாக்டர் மேரி வாக்கர் ஓர் ஒற்றுமையைக் கண்டார். தென் அமெரிக்க வேடர்களின் அம்பு விஷம் ஏறியவர்களைப் போலவே இந்த நோயாளிகளும் தளர்ந்தார்கள். விஷத்துக்கு மாற்றான மருந்தை ஊசியில் போட்டார். சாய்ந்த இமை எழுந்தது! சில மணி நேரத்தில் மறுபடி சாய்ந்தாலும், வழி பிறந்துவிட்டது.

இந்தி நடிகர் அமிதாப் பச்சனுக்கு 1984-ல் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகும் அவர் எத்தனையோ படங்களில் நடித்தார்.

கண்டுபிடிப்பது எப்படி?

மாலையில் வரும் நோயைக் காலையில் போய்க் காட்டினால் டாக்டருக்கு எப்படித் தெரியும்? சாயங்காலம் செல்போனில் முகத்தைப் படம் பிடித்துக் காட்டுங்கள்.

டாக்டர் ஒரு நிமிடம் மேலேயே பார்க்கச் சொல்வார். இமை மெல்ல இறங்கும். மூடிய கண்மேல் 2 நிமிடம் ஐஸ் வைத்தால் ஏறும். பிறகு ரத்தப் பரிசோதனை, நரம்பில் மின்சாரம் செலுத்தும் பரிசோதனை, நெஞ்சுக்கு ஸ்கேன். ரத்தப் பரிசோதனையில் எதுவும் தெரியாவிட்டாலும் நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

எதற்கு இவ்வளவு அக்கறை? தைராய்டு படபடப்புக்குத் தரும் 'புரோப்ரனலால்' மாத்திரை இந்தத் தசை நோயை அதிகமாக்கலாம். சில ஆண்டிபயாட்டிக் மருந்துகளும் அப்படியே. அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள்.

விழுங்க முடியவில்லையா? மூச்சு வாங்குகிறதா? அன்றைக்கே, அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மற்றபடி விருத்தாசலம் வட்டாரத்தினர் நரம்பியல் டாக்டரைப் பார்க்கப் புதுச்சேரி ஜிப்மருக்குப் போகலாம்.